தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி: கடலோரப் பழைய பங்களாவில் தங்குவது எப்படி?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாத வெள்ளிக்கிழமை. அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம் என்று ஏழு பேர் பகல் பன்னிரண்டு மணிக்குத் தரங்கம்பாடியில் வேனை விட்டு இறங்கினோம். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மணலில் கால் வைக்க முடியாத சூடு. அம்மாவை ஒரு சுவர் நிழலில் உட்காரவைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகள் அலையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஊரே முடிந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இவ்வளவு தூரம் வந்து கடலைப் பார்க்காமல் போறோமே" என்றாள். கடலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் அப்புறம் ராத்திரி தங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தரங்கம்பாடி பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர் இல்லை. அங்கே இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அதுவும் கடலை ஒட்டிய பழைய கட்டடத்தில் தங்க வேண்டும்.

நான் மாயவரத்துக்காரி. மயிலாடுதுறை என்று போர்டு மாறிப் பல வருஷம் ஆகியும் வாய்க்கு மாயவரம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சின்ன வயதில் எங்களுக்குத் தரங்கம்பாடி என்றாலே ரயில்தான். 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று போகும். 1986இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது மாயவரத்திலிருந்து காரைக்கால் போகும் பஸ்தான் வழி. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவர்கள் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன்னாலேயே மாயவரத்தில் இறங்கலாம். ஆனால் நேரே பங்களாவுக்குப் போய் நிற்காதீர்கள். அறை மதியத்துக்கு மேல்தான் தருவார்கள். மாயவரத்திலேயே குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் திருக்கடையூரில் இறங்கி அபிராமியைத் தரிசனம் செய்துவிட்டுப் போனால் நேரம் சரியாக இருக்கும். திருக்கடையூருக்கும் பொறையாருக்கும் நடுவில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914இல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. பெண் குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

எப்போது போவது? தை, மாசிதான் நல்லது. வெயில் இதமாக இருக்கும். ஆக்கூர் தாண்டினால் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், ரோட்டு ஓரத்தில் நெல் காயும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கடற்கரை பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான். கடல் விஷயத்தில் துணிச்சல் வேண்டாம். சித்திரை, வைகாசியில் போயே ஆக வேண்டும் என்றால் பகல் பதினொன்று முதல் நான்கு வரை அறைக்குள் இருக்கத் தயாராக வாருங்கள்.

என்னைக் கேட்டால் மாதத்தை விடத் திதி முக்கியம். பௌர்ணமிக்கு அறை போடுங்கள். தரங்கம்பாடி கடல் நேர் கிழக்கே பார்த்தது. பௌர்ணமி அன்று சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிற அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும்பும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது, அடிவானத்தில் புகைமாதிரி மங்கலாக இருக்கும். பிறகு அந்த மங்கலுக்குள் செங்கல் நிறத்தில் ஒரு தழும்பு தெரியும். அது நிலா என்று நம்பவே முடியாது. தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, மேலே வந்து, மஞ்சளாகி, தண்ணீரில் ஒரு கோடு விழும்போது வராந்தாவில் இருக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது தடவை போனபோது அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. மறுநாள் நிலா முக்கால் மணி நேரம்போலத் தாமதமாக வரும். அப்போது வானம் நன்றாக இருட்டியிருக்கும், அது வேறு அழகு. இரண்டு ராத்திரி என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறை பதிவு செய்யும்போது

கோட்டைக்குப் பக்கத்திலேயே, ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களாவைப் பழுதுபார்த்துத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். ஊருக்குள்ளும் இப்படிப் புதுப்பித்த பழைய வீடுகள் உண்டு. எதில் தங்கினாலும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், போனில் பேசுங்கள். டெல்டாவில் வேறொரு கடலோர ஊரில் "கடல் பார்த்த அறை" என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டினேன். குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால்தான் கடல் தெரிந்தது, அதற்கும் குறுக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, "தெரியுது இல்லைங்களா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கேள்வியை இப்படி மாற்றிக்கொண்டேன்: "கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா? வராந்தா அந்த அறைக்கு மட்டுமா, எல்லோருக்கும் பொதுவா?" இப்படிக் கேட்டால் மழுப்ப முடியாது.

வயதானவர்கள் கூட வந்தால் கீழ்த்தள அறையைக் கேளுங்கள். பழைய வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் இப்போதைய படியை விட உயரம், சில இடத்தில் பிடிச்சுவரும் இருக்காது. மாடியில் காற்று நன்றாக வரும் என்பது உண்மைதான், ஆனால் முழங்கால் வலியோடு ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்க முடியாது. கார் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள், அவர் பாவம் ஸ்டீயரிங் மேலேயே கொசுக்கடியில் தூங்குவார். மறுநாள் உங்களை ஓட்டிக்கொண்டு போக வேண்டியவரும் அவர்தான்.

முகூர்த்த நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம். திருக்கடையூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள வருகிற குடும்பங்கள் மொத்தமாக இங்கே வந்து தங்கும். நீங்களே அப்படி வருகிறீர்கள் என்றால், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லி, நாலு மணிக்கு வெந்நீரும் காபியும் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே போனதும்

சுவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை உதிர்ந்திருக்கும், விரலால் தொட்டால் பொடிப்பொடியாக ஒட்டும். உப்புப் பூத்தல் என்று சொல்வோம். கடற்காற்றிலும் நிலத்து ஈரத்திலும் இருக்கிற உப்பு, சுண்ணாம்புச் சுவர் வழியாக வெளியே வந்து உலர்ந்து பூக்கிறது. ஒருமுறை காலையில், பங்களாவைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய் நார்த் தூரிகையால் அதை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். "சிமெண்ட் பூசிட்டா இந்த வேலை மிச்சம்தானே அண்ணே?" என்று கேட்டேன். "அப்படித்தான் ஒரு வீட்ல பூசினாங்க டீச்சர். உப்பு வெளிய வர வழியில்லாம உள்ளயே தங்கி, செங்கல்லையே தின்னுட்டு. சுண்ணாம்புன்னா அது மட்டும் உதிரும், மறுபடி பூசிக்கலாம்" என்றார். அதன் பிறகு நான் எந்தப் பழைய வீட்டுச் சுவரையும் குறை சொன்னதில்லை. பெட்டியையும் புடவையையும் மட்டும் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அண்ணாந்து கூரையையும் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு வைத்துத் தளம் போட்டிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது இதைத்தான். சுவர் ஒன்றரை இரண்டு அடி கனம் இருக்கும். காலையில் பத்து மணிக்குள் ஜன்னல்களைச் சாத்திவிட்டால் உள்ளே பிடித்த குளிர்ச்சி மதியம் வரை நிற்கும். நாலு மணிக்குக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பகல் முழுக்கத் திறந்துபோட்டுவிட்டு ஏசி குளிரவில்லை என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடு காலையும் மாலையும் திறந்து நடுப்பகலில் மூடிக்கொள்ளக் கட்டியது. நாமும் அந்த நேரத்துக்கு மாறிக்கொள்வதுதான் சரி.

விளக்கு வைக்கும் நேரத்தில் அரை மணி கதவைச் சாத்துங்கள், கொசு அப்போதுதான் நுழையும். ஏசி அறையிலிருந்து கேமராவையோ போனையோ எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் லென்ஸில் உடனே ஆவி படியும். துடைக்காமல் பத்து நிமிஷம் வையுங்கள், தானே போய்விடும். ஈரத் துண்டு வராந்தாவில் காயாது. உப்புக் காற்றில் பிசுபிசுவென்றுதான் இருக்கும். கூடுதலாக இரண்டு துண்டு எடுத்துப் போங்கள்.

சாப்பாடு

இதில்தான் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். சின்ன விடுதிகளில் பெரிய கிச்சன் கிடையாது. மதியத்துக்கு என்ன வேண்டும் என்று காலை டிபனிலேயே சொல்லிவிட வேண்டும். மீன் சாப்பிடுபவர்கள் இன்னும் ஒரு படி முன்னால் போகலாம். விடிந்ததும் மீனவர் தெருப் பக்கம் கரைக்கு நடந்து போனால் ஃபைபர் படகுகள் வந்து சேர்வதைப் பார்க்கலாம். வலையை மணலில் உதறி மீனைப் பிரிப்பார்கள், அங்கேயே ஏலம் போகும். சங்கரா, பாறை, கொடுவா, நெத்திலி எல்லாம் அன்றன்றைக்கு மாறும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்கிறதா பாருங்கள். வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவீர்களா என்று முதல் நாளே சமையல்காரரிடம் கேட்டுவிடுங்கள். நான் தங்கிய இடத்தில் ஒருமுறை சங்கராவைப் பச்சை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை மிச்சக் குழம்பைக் கேட்டு வாங்கி இட்லிக்கு ஊற்றிக்கொண்டோம். அந்த ருசிக்காகவே இன்னொரு தடவை போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது சின்னப் படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் கூடும்.

கரையில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

ஊரைப் பார்ப்பது

ஊர் சின்னது, எல்லாம் நடந்துபோகிற தூரம்தான். ஆனால் எதை எந்த வேளையில் பார்க்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது.

முதல் விடியல் மாசிலாமணிநாதர் கோவிலுக்கு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோவில் என்று கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இங்கே ஊர் இருந்திருக்கிறது, வணிகம் நடந்திருக்கிறது. கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பேர். கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். இந்தப் பக்கம் கடலில் குளிக்கவும் வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் கோட்டை, வெள்ளிக்கிழமை தவிர. 1620இல் ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு கட்டத் தொடங்கியது. டான்ஸ்போர்க் என்று பேர். அவர்களுக்கு வேண்டியது மிளகு. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கீழ்த்தளத்தில் சரக்கு வைத்த அறைகள், கைதிகளை அடைத்த அறை. மேலே கவர்னரும் வியாபாரிகளும் இருந்த இடம். கீழ் அறைகளுக்குள் போய் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். கூரை வளைந்து இறங்கியிருக்கும். கடல் சத்தம் வெளியே கேட்டதைவிடத் தாழ்ந்த குரலில் கேட்கும். 1845இல் ஊரையும் கோட்டையையும், வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

மதியம் தூக்கம். இதை விட்டுவிடாதீர்கள்.

நாலரை மணிக்கு ராஜ வீதி. கோட்டை மைதானத்திலிருந்து நுழைவாயில் வரை நேரே போகும். வெயில் சாய்ந்து சுவர்களில் மஞ்சளாக விழும் நேரம். நுழைவாயிலை 1792இல் திரும்பக் கட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம். இன்னொரு பக்கம் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு கட்டியது, அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இருபத்து நாலு வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதம் செய்யப் பொறையாரில் ஆலையும் வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சு யந்திரம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள். தமிழ் எழுத்து ஈயத்தில் ஏறிய கதையை இந்த ஊரில் நின்று சொல்வதற்கு ஈடே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயங்களில் ஆராதனை நடக்கும், வேடிக்கை பார்க்க உள்ளே போகாதீர்கள். மற்ற நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு போனால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

பூம்புகார் இருபது கிலோமீட்டர். காவிரி கடலில் கலக்கிற இடமும், ஏழு நிலை மாடத்தோடு 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் பார்க்க அரை நாள் போதும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூட்டம் தாங்காது. பக்கத்தில் ஆனந்தமங்கலத்தில் மூன்று கண், பத்துக் கை ஆஞ்சநேயர். காரைக்கால் அம்மையார் கோவில், திருநள்ளாறு எல்லாம் தெற்கே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை இரண்டாம் ராத்திரியே முடித்துவிடுங்கள். அப்போதுதான் கடைசி விடியல் உங்களுக்கு முழுசாகக் கிடைக்கும், ரசீது, சில்லறை என்று மேசையில் நிற்க வேண்டியிருக்காது. டம்ளர் காபியை வராந்தாவில் வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியைக் கட்டுங்கள். கிளம்பும்போது கடல் பக்கக் கதவுகளின் கொக்கியைப் போட்டுவிட்டு இறங்குங்கள். அதில் இருப்பது பழைய கண்ணாடி, அந்தக் காற்றில் கதவு ஒரு தடவை அடித்தால் போய்விடும்.